ஐஸ் அரங்கின் கோயில் பூனைகள்

கனடாவில் ஒரு பையனையோ பெண்ணையோ பார்த்து 'ரிங்க் ராட்' என்று சொன்னால் பெற்றவர்கள் சண்டைக்கு வர மாட்டார்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார்கள். ரிங்க் என்பது ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கு, ராட் என்பது எலி. பள்ளி விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு நேரே அரங்குக்குப் போய், விளக்கணைத்துத் துரத்தும்வரை அங்கேயே கிடக்கும் பிள்ளைகளுக்கு அந்த நாட்டில் வழங்கும் பெயர் இது.

தமிழில் இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஆபத்து. நமக்கு எலி என்றால் திருட்டும் பயமும். அதைக் கொஞ்சம் பெரிதாக்கிப் 'பெருச்சாளி' என்றாலோ கதை கந்தல். கோயில் பெருச்சாளி என்று நாம் யாரைச் சொல்கிறோம்? சாமி சொத்தைத் தின்று கொழுத்தவரை. ரிங்க் ராட் அதற்கு நேர் எதிர். அவன் அரங்கிலிருந்து எதையும் எடுத்துப் போவதில்லை, உழைப்பைக் கொட்டிவிட்டுப் போகிறான். நம் மொழியில் அவனுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தி வருவது கோயில் பூனை. 'கோயில் பூனை தேவர்க்கு அஞ்சுமா' என்ற பழமொழியில் கொஞ்சம் கண்டிப்பு இருந்தாலும், அந்த இடத்தின் மூலைமுடுக்கெல்லாம் பழகிப்போன ஓர் உயிர் கண்ணில் தெரிகிறது. ஆனாலும் பொருத்தம் முழுதாகக் கூடவில்லை. கோயில் பூனை எந்த வேலையும் செய்வதில்லை. இந்தச் சொல் பிறந்ததோ வேலையிலிருந்து.

ஏற்பாடு எளிமையானது. அரங்கில் ஐஸ் மேல் நிற்பதற்கு மணிக்கணக்கில் காசு. காசில்லாத பிள்ளைகள் ஐஸைக் கூட்டித் தள்ளுவார்கள், இருக்கைகளுக்கு அடியில் கிடக்கும் பாப்கார்ன் பெட்டிகளைப் பொறுக்குவார்கள், ஐஸ் ஹாக்கிக்கான கோல் வலைகளை நகர்த்துவார்கள், பெஞ்சுக் கதவுகளைத் திறந்து மூடுவார்கள். கூலியாகக் கிடைப்பது ஐஸ் நேரம். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபின் அரை மணி, அல்லது விடியற்காலையில் யாரும் வருமுன் ஒரு மணி. உடைந்து வீசப்பட்ட மர மட்டைகளும் அவர்களுக்குத்தான். முறிந்த இடத்தில் ஆணி அடித்து டேப் சுற்றினால் இன்னும் ஒரு மாதம் ஓடும். ரிங்க் என்ற சொல்லே ஸ்காட்லாந்தில், ஐஸில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் ஆட்டத்துக்கு ஒதுக்கிய ஐஸ் பாதையின் பெயராக இருந்து வந்தது. இன்றும் கர்லிங்கில் நால்வர் கொண்ட அணிக்கு ரிங்க் என்றே பெயர்.

ஐஸுக்கு எதற்கு இத்தனை கைகள் என்று வெப்ப நாட்டுக்காரர் யாருக்கும் தோன்றும். ஒரு மணி நேரம் இருபது பேர் ஸ்கேட் செய்த ஐஸைக் குனிந்து பார்த்தால் தெரியும். ஒவ்வொரு தடவை நிறுத்தித் திரும்பும்போதும் ஸ்கேட்டின் அடியில் உள்ள கத்தி ஐஸைச் சீவுகிறது. சீவிய தூள் மாவு போல மேலே படிகிறது. அடியில் கீறல்கள், திரும்பும் இடங்களில் பள்ளங்கள். தூள் சேரச் சேர, ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டான பக் நேராக ஓடாது, தத்தும், நின்றுவிடும். கோல் காக்கும் கோலி நிற்கும் இடம் இன்னும் மோசம். புது ஐஸ் வழுக்குகிறது என்பதால் ஆட்டம் தொடங்குமுன் கோலியே தன் எல்லைக்குள் வேண்டுமென்று பக்கவாட்டில் கீறித் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக்கொள்வார்.

வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி அரங்கு 200 அடி நீளம், 85 அடி அகலம். மூலைகள் 28 அடி ஆரத்தில் வளைந்திருக்கும். மூலைகளைக் கழித்தால் சுமார் 16,300 சதுர அடி, அதாவது 1,500 சதுர மீட்டருக்குச் சற்று மேல். இன்றைய இயந்திரம் ஒரு சுற்றுக்கு 450 லிட்டர் தண்ணீர் விடுகிறது என்று வைத்துக்கொண்டால் படியும் அடுக்கு 0.3 மில்லிமீட்டர்தான். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போன்ற சமாசாரம் இது, ஊற்றுவது இல்லை. இந்த அளவைக் கண் பார்த்துக் கை பழகிக் கொடுப்பதுதான் அந்தக் காலத்து ரிங்க் ராட்டின் தொழில்நுட்பம்.

முதல் வேலை தூள் தள்ளுவது. அகலமான தகடு பொருத்திய நீண்ட கைப்பிடிகளோடு ஐந்தாறு பேர் ஒரே வரிசையாக இல்லாமல் சாய்வாக நிற்பார்கள். முன்னால் போகிறவர் தள்ளும் தூள் பக்கத்தில் வருகிறவரின் தகட்டில் விழும். அவர் அதையும் சேர்த்து அடுத்தவருக்குத் தள்ளுவார். கடைசி ஆள் மொத்தத்தையும் அரங்கைச் சுற்றியுள்ள பலகைச் சுவரோரம் ஒதுக்குவார். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் அளவாவது ஏறி வர வேண்டும். இடைவெளி விட்டால் நடுவில் மெல்லிய வரப்பாகத் தூள் நின்றுவிடும். கூட்டும்போது அது கண்ணில் படாது. மேலே வெந்நீர் விழுந்து உறைந்ததும் கல்லாகி மேடு கட்டும். அடுத்த ஆட்டத்தில் பக் அந்த இடத்தில் துள்ளினால் யார் வரிசையில் பிந்தினார்கள் என்று எல்லா எலிகளுக்கும் தெரிந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். சக்கர வண்டியிலோ சறுக்கு வண்டியிலோ ஒரு பீப்பாய், 200 லிட்டர் சொச்சம் கொள்வது. அதன் அடியிலிருந்து ஒரு குழாய் வந்து, ஓட்டைகள் போட்ட குறுக்குக் குழாயில் சேரும். குறுக்குக் குழாய்க்குப் பின்னால் கோணிச் சாக்கோ கனத்த துணியோ ஐஸைத் தொட்டுக்கொண்டு தொங்கும். ஒருவர் இழுக்க, ஒருவர் பின்னாலிருந்து திசை பார்க்க, ஓட்டைகளில் ஒழுகும் தண்ணீரைச் சாக்கு இழுத்துப் பரப்பிக்கொண்டே போகும். கதவுக்கு எதிர்க்கோடியில் தொடங்கிக் கதவருகே முடிக்க வேண்டும். இல்லையென்றால் ஈரத்தின் மேல் நடந்து வெளியேற நேரும், காலடிகள் அப்படியே உறைந்துவிடும்.

இதில் தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. நடை ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். வேகம் குறைந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். நிற்பதாக இருந்தால் முதலில் குழாயை அடைத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். திறந்தபடி நின்றால் வெந்நீர் ஒரே இடத்தில் இறங்கிக் குழி விழும், குழியில் தேங்கியது பிறகு உறைந்து திட்டாகும். சாக்கை ஐஸ் மேல் கிடத்திவிட்டுப் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அது ஐஸோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் நார் நாராக ஐஸுக்குள் நிற்கும்.

தண்ணீர் ஏன் சூடாக இருக்க வேண்டும் என்பது புதிதாக வரும் பிள்ளை கேட்கும் முதல் கேள்வி. 60 முதல் 70 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். சூடான நீரில் கரைந்திருக்கும் காற்று குறைவு, அதனால் குமிழி இல்லாமல் தெளிவாக, கெட்டியாக உறையும். அதைவிட முக்கியமான காரணம், வெந்நீர் பழைய ஐஸின் மேல்தோலை ஒரு கணம் இளக்கிக் கீறல்களுக்குள் இறங்கி அதோடு பிணைந்துவிடும். பச்சைத் தண்ணீர் கீறலை நிரப்புமுன்பே உறைந்து, பழைய ஐஸின் மேல் தனி அடுக்காக உட்காரும். பிறகு கத்தி பட்டதும் வறண்ட சுண்ணாம்புப் பூச்சு போலப் பெயரும்.

அரங்கின் ஐஸ் மொத்தமே ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றேகால் அங்குலக் கனம்தான். குளிரூட்டும் குழாய்கள் அடித்தளத்தில் ஓடுகின்றன. ஐஸ் தடித்தால் குளிர் மேலே வந்து சேரத் தாமதமாகும், மேற்பரப்பு இளகும், மின்கட்டணம் ஏறும். ஒரு நாளில் பத்துத் தடவை நீர் விட்டால் 3 மில்லிமீட்டர் ஏறிவிடும். சீவாமலே விட்டால் பத்து நாளில் கனம் இரண்டு மடங்கு. தகட்டால் தள்ளுவது தூளை மட்டும்தான் எடுக்கும், ஐஸைச் சீவாது. சீவ வேறு கத்தி வேண்டும். பலகைச் சுவரோரம் எந்தக் கத்தியும் சரியாக எட்டாது. அங்கே ஐஸ் மெல்ல மெல்ல மேடேறிக் கிண்ணத்தின் விளிம்பு மாதிரி ஆகும்.

கோல் முன்னால் உள்ள குழிகளுக்குத் தனி வைத்தியம். சுத்தமான தூளை அள்ளித் தண்ணீரில் நனைத்துக் கூழாக்கி, குழியில் அழுத்தி அடைத்து, மேலே கொஞ்சம் நீர் தெளித்து, உறைந்தபின் சுரண்டிச் சமப்படுத்துவது. அழுக்குத் தூளை வைத்தாலோ அழுத்தாமல் விட்டாலோ முதல் ஐந்து நிமிடத்தில் கட்டியாகக் கழன்று வரும். கோல் கம்பங்களைப் பிடிக்கும் முளைகளுக்கான துளைகளும் இருக்கின்றன. நீர் விடும்போது அவை நிரம்பி உறைந்தால், வலையை வைக்கும்போது முளை இறங்காது. மறந்தவர்தான் உட்கார்ந்து துளையிட வேண்டும்.

இந்தக் கைவேலையை இயந்திரம் வாங்கிக்கொண்ட கதை வேறு. கலிபோர்னியாவின் பாரமவுண்ட் ஊரில் பிராங்க் சம்போனி 1940இல் ஐஸ்லாண்ட் என்ற அரங்கைத் திறந்தார். அதற்கு முன் அவர் குடும்பம் பாளம் பாளமாக ஐஸ் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் வந்து அந்த வியாபாரத்தைச் சாய்த்ததும், கையில் இருந்த குளிரூட்டும் அறிவை வைத்து அரங்கு கட்டினார்கள். அங்கே ஐஸைப் புதுப்பிக்க டிராக்டர் ஒன்று சீவ, மூன்று நான்கு பேர் தூள் அள்ளி நீர் விட, ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. ஒரே ஆள் ஒரே சுற்றில் சீவவும், தூளை அள்ளவும், கழுவவும், வெந்நீர் பரப்பவும் கூடிய இயந்திரத்தை 1949இல் அவர் ஓட்டிக் காட்டினார். காப்புரிமை 1953இல் கிடைத்தது. தேசிய ஹாக்கி லீக் ஆட்டத்தில் அது முதன்முதலாக ஓடியது 1955இல், மாண்ட்ரியல் போரம் அரங்கில். சிறிய ஊர்களுக்குப் போய்ச் சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இயந்திரத்தின் உள்ளே இருப்பது எலிகள் செய்த அதே வேலைதான். சுமார் 77 அங்குலக் கத்தி சீவுகிறது, திருகாணி போன்ற சுருள் தூளை மேலே தொட்டிக்கு ஏற்றுகிறது, கடைசியில் துணித் துண்டு ஒன்று வெந்நீரை இழுத்துப் பரப்புகிறது. பின்னால் தொங்கும் அந்தத் துண்டைப் பார்த்தால் பழைய கோணிச் சாக்கின் பேரன் என்று சொல்லிவிடலாம். ஜீப், ஜெராக்ஸ் வரிசையில் சம்போனி என்பதும் வண்டியின் பொதுப்பெயராகிவிட்டது. கனடாவின் பல அரங்குகளில் உண்மையில் ஓடுவது ஒண்டாரியோவின் எல்மைராவில் தயாராகும் ஒலிம்பியா. அதையும் மக்கள் சம்போனி என்றே சொல்கிறார்கள்.

வேலை போயிற்று, சொல் நின்றது. இந்தச் சொல்லின் வாழ்க்கையில் சுவாரசியமான திருப்பம் இதுதான். முன்பு 'அரங்கில் வேலை செய்து ஐஸ் நேரம் சம்பாதிப்பவன்' என்று இருந்த பொருள், பிறகு 'அரங்கே கதி என்று இருப்பவன்' என்று அகன்றது. இப்போது ஒரு பயிற்சியாளர் தன் ஆட்டக்காரரை ரிங்க் ராட் என்றால், முதலில் வந்து கடைசியில் போகிறவர், சொல்லாமலே கூடுதலாகப் பயிற்சி எடுப்பவர் என்று அர்த்தம். தேர்வாளர்கள் காதில் விழ வேண்டிய பாராட்டு. நாற்பது வயதுப் பயிற்சியாளரையும் இப்படிச் சொல்லலாம், பெண்களுக்கும் தடையில்லாமல் வழங்குகிறது. நகராட்சி அரங்குகளில் இன்று பயிற்சி பெற்ற ஊழியர்தான் இயந்திரத்தில் ஏற முடியும். குளிரூட்டலுக்கு அம்மோனியா ஓடும் கட்டடங்கள் பல. 2017 அக்டோபரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெர்னியில் அரங்கு ஒன்றில் அம்மோனியா கசிந்து மூவர் இறந்தார்கள். எரிவாயுவில் ஓடும் வண்டி விடும் கார்பன் மோனாக்சைடு வேறு, காற்றோட்டம் சரியில்லாத கூடத்தில் தலைவலியில் தொடங்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நம்பி இயந்திர அறையில் விட்ட காலம் திரும்பாது, திரும்பவும் வேண்டாம்.

இந்தச் சொல்லைப் புதிதாகப் பிடித்துக்கொள்கிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'ரிங்க்' இல்லாமல் வெறும் 'ராட்' என்றால் ஹாக்கியில் பொருள் தலைகீழ். நடுவர் காணாதபோது குத்துவது, சீண்டிச் சீண்டி எதிராளியைத் தண்டனைப் பெட்டிக்கு அனுப்புவது, இந்த ரகத்து ஆட்டக்காரர்தான் ராட். 1980களில் கென் லின்ஸ்மனுக்கு அந்தப் பட்டம், நம் காலத்தில் பிராட் மார்ஷாண்டுக்கு. புளோரிடா பாந்தர்ஸ் அணியின் ரசிகர்கள் ஐஸில் பிளாஸ்டிக் எலி எறிவது இவை இரண்டிலும் சேராத மூன்றாவது கதை. 1995 அக்டோபரில் உடைமாற்றும் அறைக்குள் ஓடிவந்த நிஜ எலியை அந்த அணியின் ஸ்காட் மெலன்பி மட்டையால் அடித்துக் கொன்றுவிட்டு, அன்றே இரண்டு கோலும் போட்டார். ஹாட்ரிக் என்பதை நையாண்டியாக மாற்றி 'ராட் ட்ரிக்' என்றார் கோலி வான்பீஸ்புரூக். ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

இடத்தின் பெயரோடு எலியை ஒட்டினால் 'அங்கேயே கிடப்பவர்' என்று பொருள் தருவது ஆங்கிலத்தில் ஓர் அச்சு. கூடைப்பந்துக்காரர்களுக்கு ஜிம் ராட், கடைவளாகத்தில் சுற்றும் இளசுகளுக்கு மால் ராட். பாரிஸ் ஓப்பராவின் நடனப்பள்ளிச் சிறுமிகளையும் பிரெஞ்சுக்காரர்கள் குட்டி எலிகள் என்றுதான் செல்லமாகச் சொல்கிறார்கள். தமிழில் இந்த வேலையைப் பெயர்ச்சொல் செய்வதில்லை, வினைச்சொல் செய்கிறது. 'கிரவுண்டிலயே கிடக்கிறான்', 'பழியாய்க் கிடக்கிறான்' என்கிறோமே, அந்தக் 'கிடக்கிறான்' தான் நம் ராட். கண்டிப்பும் வாஞ்சையும் சம அளவில் கலந்த வினை. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பிள்ளையை ஸ்கேட்டிங் வகுப்புக்குக் கூட்டிப்போகும் தமிழ்த் தாய்க்கு இந்தச் சொல்லை விளக்க இதைவிட நல்ல வழி இல்லை.

எலிகளின் பேச்சு வழக்கு தனி அகராதி. கொஞ்சம் தெரிந்திருந்தால் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். அணி, நடுவர் எதுவும் இல்லாமல் கூடியவர்கள் ஆடும் ஹாக்கி ஷின்னி. ஸ்காட்லாந்து ஷின்டி ஆட்டத்தின் வழி வந்த பெயர். எல்லோரும் மட்டையை நடுவில் குவிப்பார்கள், ஒருவர் பார்க்காமல் எடுத்து இடமும் வலமுமாக வீசுவார், மட்டை விழுந்த பக்கம் உங்கள் அணி. கவசம் இல்லாததால் பக்கைத் தரையை விட்டு எழுப்பக் கூடாது. பழைய அரங்கு 'பார்ன்', அதாவது மாட்டுக்கொட்டகை. மட்டை 'ட்விக்', ஹெல்மெட் 'பக்கெட்', வாயால் சீண்டுவது 'சர்ப்'. கணுக்கால் உள்பக்கம் மடங்க ஸ்கேட் செய்கிறவர் 'பெண்டர்'. பாதி நேரம் குற்றம் காலில் இல்லை, பூட்டில். ஒரு அளவு பெரிதாக வாங்கி, கயிற்றைக் கணுக்காலருகே தளர்த்திக் கட்டினால் யாருக்கும் கால் மடங்கும். பெஞ்சிலேயே உட்கார்ந்து தூசி படிந்தவர் 'டஸ்டர்'. எதிரணிக் கோலருகே நின்றுகொண்டு பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரிப் பக் வரக் காத்திருப்பவர் 'செரி பிக்கர்'.

'பக் பன்னி' (ஆங்கிலத்தில் பன்னி என்றால் முயல்) என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காமல் இருப்பது நல்லது. ஆட்டத்துக்காக இல்லாமல் ஆட்டக்காரருக்காக வருகிறாள் என்று பெண்ணைச் சிறுமைப்படுத்துவது. பையன் அரங்கில் கிடந்தால் எலி, பெண் கிடந்தால் முயலா என்று கேட்கிற பெண்கள் இன்று நிறைய. அவர்களே தங்களை ரிங்க் ராட் என்று சொல்லிக்கொள்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். கனடாக்காரரைக் கிண்டலடிக்கும் 'ஹோசர்' என்ற சொல்லுக்கு (ஹோஸ் என்றால் குழாய்), வெளியரங்கில் தோற்ற அணி குழாய் பிடித்து நீர் விட வேண்டியிருந்தது என்று விளக்கம் சொல்வார்கள். கதை நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் கிடையாது.

குழாய் பிடிக்கும் எலிகள் இன்னும் மிஞ்சியிருப்பது திறந்தவெளியில். ஒட்டாவாவிலும் எட்மண்டனிலும் குடியிருப்புப் பகுதி அரங்குகளைப் பெருமளவு தன்னார்வலர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே விதிகள் வேறு. இரவில் குளிர் மைனஸ் 10க்குக் கீழே இறங்கி நிலைக்கும்வரை குழாயை எடுக்கக் கூடாது. முதலில் பனியை மிதித்துக் கெட்டியாக்கி, தெளித்து நனைத்து அடித்தளம் போடுவார்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக நிறையத் தண்ணீர் விட்டால் மேலே தோல் உறைந்துவிடும், அடியில் இருந்த நீர் மண்ணில் வடிந்து வெற்றிடம் விட்டுவிடும். அதன் பெயர் ஷெல் ஐஸ், ஓட்டு ஐஸ். பார்க்கக் கண்ணாடி, ஏறினால் அப்பளம். கத்தி உள்ளே போய்க் கணுக்கால் திருகும். அதை உடைத்து நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை. மெல்லிய அடுக்குகளாக, ஒன்று முழுக்க உறைந்தபின் அடுத்தது. பனி விழும்போது நீர் விட்டால் கஞ்சியாகி மேடு கட்டும். வேலை முடிந்ததும் குழாயில் ஒரு சொட்டு நிற்காமல் வடித்துச் சுருட்டி வெதுவெதுப்பான இடத்துக்குள் கொண்டுபோக வேண்டும். வெளியே விட்டால் மறுநாள் அது குழாய் இல்லை, கம்பு.

உள்ளரங்கில் பிள்ளைகளுக்கு மிஞ்சிய வேலை ஒன்றே ஒன்று. சம்போனி வெளியேறிக் கதவு சாத்தும்வரை யாரும் ஐஸில் இறங்கக் கூடாது. ஈரப் பளபளப்பு மங்கும்வரை பொறுக்கவும் வேண்டும். முந்தினால் கத்தி வரைந்த கோடு அடுத்த சுற்றுவரை போகாது. பிறகு கதவு திறந்ததும் முக்கால்வாசிப் பேர் பக்கைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும், யாரும் சொல்லாமலே, ஓரத்தில் ஒதுக்கி வைத்த கோல் வலையை நோக்கிப் போய், கம்பத்துக்கு ஒருவராகப் பிடித்துத் தள்ளிவந்து, குனிந்து துளை பார்த்து முளையில் இறக்குவார்கள்.